கோடைக் காற்றும் மழைக் கணிப்பும்

காற்றுக்கு அது வரும் திசையைக் கொண்டு பெயரிட்டவர்கள் தமிழர்கள். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. மேற்கிலிருந்து வருவது கோடை. இந்நான்கு பெயர்களும் திசையோடு காற்றின் தன்மையையும் உணர்த்துகின்றன. கொண்டல் என்றால் மேகம் என்றும் பொருள் உண்டு. கோடை என்றால் வெயிற்காலம் என்றும் பொருள் உண்டு. கீழ்காற்று ஈரம் சுமந்து வரும். மேல்காற்று வறட்சியோடு வரும். அளவு கருவி எதுவும் இல்லாத காலத்திலேயே நம் முன்னோர் இவ்வுண்மையைக் கண்டு சொல்லுக்குள் பொதிந்து வைத்தனர்.

இந்தக் கோடைக் காற்றை நன்கு அறிந்த ஊர்களுள் ஒன்று ஆத்தங்குடி. காரைக்குடிக்கு அருகில், செட்டிநாட்டின் நடுவே உள்ள சிற்றூர் அது. இன்று அவ்வூரின் பெயர் தரைக்குப் பதிக்கும் வண்ணக் கற்களால் உலகெங்கும் அறியப்படுகிறது. கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமிட்டிக் குழம்பை ஊற்றிப் பூவேலை செய்து, அதன்மேல் மணலும் சிமிட்டியும் கலந்த கலவையை இட்டு அமுக்குவர். பிறகு அக்கல்லை வெயிலில் காயவிட்டு விடுவதில்லை. நீர்த்தொட்டியில் சில நாட்கள் மூழ்க வைப்பர். சிமிட்டி காய்வதனால் இறுகுவதில்லை. நீரைத் தன்னுள் ஏற்றுக்கொண்டே இறுகுகிறது. வறண்ட காற்று அந்த நீரை முந்திக்கொண்டு கவர்ந்துவிட்டால் கல் வலிமை குன்றி வெடிக்கும். ஆகவே ஆத்தங்குடிக் கைவினைஞரின் தொழில், ஒரு வகையில், காற்றோடு நீருக்காக நடத்தும் போட்டியேயாகும்.

அந்தக் காற்று ஏன் அவ்வளவு வறண்டிருக்கிறது? கடலிலிருந்து எழுந்த காற்றுத்தானே அதுவும்? இவ்வினாவிற்கு விடை காணும் முயற்சியே வானிலைக் கணிப்பின் வரலாற்றில் ஒரு பெரும் பகுதி. அதனை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

ஆனி, ஆடி மாதங்களில் அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே எழுகிறது. எழும் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் தன்னிடமுள்ள நீராவி முழுவதையும் தாங்க முடிவதில்லை. மிகுதி மழையாகக் கேரள நாட்டில் கொட்டிவிடுகிறது. மலையைக் கடந்த காற்று, தன் சுமையை இறக்கி வைத்தபின், கிழக்கே தாழ இறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகிறது. முகில் திரளும் நிலையில் ஏறும்பொழுது 100 மீட்டருக்கு ஏறத்தாழ அரைப் பாகை செல்சியஸ் அளவே குளிர்ந்த காற்று, முகில் கலைந்து இறங்கும்பொழுது 100 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் சூடேறுகிறது. ஆதலின் ஒரே உயரத்தில் மலைக்கு அப்புறம் இருந்ததைவிட இப்புறம் அது வெப்பம் மிக்கதாக இருக்கும்.

வெப்பம் மிகுந்தால் காற்றின் தாகமும் மிகும். 20 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் வெளி ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 30 பாகையில் 30 கிராம் தாங்கும். 40 பாகையில் 51 கிராம் தாங்கும். 20 பாகையில் நீராவி நிறைந்திருந்த காற்றை, ஒரு துளி நீரும் சேர்க்காமல் 40 பாகைக்குச் சூடேற்றினால், அது தாங்கக்கூடியதில் மூன்றில் ஒரு பங்கு நீராவியே அதனிடம் இருக்கும். எஞ்சிய இடத்தை நிரப்ப அது குளத்தையும் வயலையும் நம் உதட்டையும் உறிஞ்சும். வறண்ட காற்று என்பது பெரும்பாலும் வேறோரிடத்தில் மழை பொழிந்து முடித்து, இறங்கி வந்து சூடேறிய காற்றாகும். இந்த ஒரு கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், ஆத்தங்குடியின் ஆனி மாதக் காற்று முதல் பெரும் பாலைவனங்களின் காற்று வரை பலவற்றையும் விளங்கிக்கொள்ளலாம்.

செட்டிநாடு பாலைவனம் அன்று. சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டர் அளவிற்கு மழை பெய்கிறது. இராசத்தானத்துச் செய்சால்மரில் 200 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. எனினும் செட்டிநாட்டின் மழை ஆண்டு முழுவதும் பரவிப் பெய்வதன்று. ஆடி, ஆவணி மாலைகளில் சில இடி மழைகள். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஏனைய காலம் வெயிலும் காற்றுமே. பாலை என்பது தனியொரு நிலம் அன்று என்றும், முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்றும் சிலப்பதிகாரம் கருதுகிறது. நிலம் பாலையாவது ஒரு நிகழ்ச்சி என்னும் இந்தக் கருத்து, பிற்கால அறிவியலிலும் வேறொரு வடிவில் எழுந்ததைப் பின்னர்ப் பார்ப்போம்.

மழையை முன்னறிய வேண்டும் என்னும் வேட்கை வேளாண்மை தோன்றிய நாளிலேயே தோன்றியிருக்க வேண்டும். கௌடிலியரின் அருத்தசாத்திரம் ஒரு முழம் வாயகன்ற கலத்தை வைத்து மழையை அளக்கும் முறையைக் கூறுகிறது. நாட்டின் பல பகுதிகளுக்கும் பெய்ய வேண்டிய மழையைத் துரோணம் என்னும் அளவால் குறிக்கிறது. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் சம்கிதையில், மேகம் கருக்கொள்ளும் காலத்தையும், கருக்கொண்ட 195ஆம் நாளில் மழை பிறக்கும் என்னும் கொள்கையையும் விரித்துரைத்தார். நம் உழவர் மார்கழியில் பார்க்கும் கர்ப்போட்டம் இக்கொள்கையின் வழிவந்ததே. அம்மாதத்தில் மேகம் ஓடும் திசையையும் காற்றின் போக்கையும் கண்டு, வரும் ஆண்டின் மழையை உரைப்பார்கள். பஞ்சாங்கமோ இத்தனை மரக்கால் மழை என்று எண்ணிட்டே சொல்லும். இக்கணிப்புகள் யாவும் பலித்தன என்று கூற இயலாது. ஆயினும், இன்றைய வானத்தின் நிலையில் நாளைய பருவத்தின் அறிகுறி இருக்கும் என்னும் எண்ணமும், அதனை ஆண்டுதோறும் உற்று நோக்கும் பழக்கமும் மதிக்கத்தக்கவை.

கருவி கொண்டு காற்றை அறியும் முறை பதினெட்டாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. ஜெனீவா நகர அறிஞர் தெ சொசூர், மனிதரின் தலைமயிர் ஈரத்தில் நீண்டு வறட்சியில் சுருங்குவதைக் கண்டு, அதனைக்கொண்டு ஈரமானி ஒன்றை அமைத்து 1783இல் நூலெழுதி வெளியிட்டார். பின்னர் அதனினும் எளிய முறை வழக்கிற்கு வந்தது. இரண்டு வெப்பமானிகளை அருகருகே வைத்து, ஒன்றன் குமிழில் ஈரத்துணி சுற்றிவிட வேண்டும். காற்று வறண்டிருந்தால் துணியின் ஈரம் விரைந்து ஆவியாகும். ஆவியாவதால் அக்குமிழ் குளிரும். இரண்டு வெப்பமானிகளுக்கும் உள்ள வேறுபாடு மிகுந்தால் காற்று வறண்டது. வேறுபாடு குறைந்தால் ஈரமானது. மண்பானைத் தண்ணீர் சித்திரை வெயிலில் நன்றாகக் குளிர்வதும், அடைமழை நாளில் குளிராமல் இருப்பதும் இதே காரணத்தால்தான். நம் வீட்டுப் பானையும் ஓர் ஈரமானியே. அதில் எண்கள் மட்டும் எழுதப்படவில்லை.

தமிழகத்தில் இத்துறைக்கு அடித்தளம் சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த வானாய்வுக் கூடம். விண்மீன்களை நோக்கிக் கடற்பயணத்துக்குத் துணைசெய்யவே அது முதலில் எழுந்தது. அங்கே பணியாற்றிய ஜான் கோல்டிங்காம் 1796 முதல் வானிலைக் குறிப்புகளையும் எழுதத் தொடங்கினார். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே முறையில், தவறாமல் எழுதுவது எளிய வேலைதான். ஆனால் அது பல தலைமுறைகளைக் கடந்து நடக்கும்பொழுது பெருஞ்செல்வமாகிறது.

இந்தியா முழுவதற்குமான வானிலைத் துறை துன்பத்தின் நடுவே பிறந்தது. 1864இல் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. 1866இலும் 1871இலும் பருவமழை பொய்த்தது. அதன் பிறகே 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பெற்று, ஹென்றி பிளான்போர்டு அதன் தலைவரானார். அவர் பொறுப்பேற்ற மறு ஆண்டே தென்னாட்டில் மழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தக் கொடுமையை இன்றும் தாது வருடப் பஞ்சம் என்றே முதியோர் வழியாகக் கேட்கிறோம். மாண்டவர் தொகை ஏறத்தாழ 55 இலட்சம் என்று கணக்கிடுவர். மழை பெய்யாது என்பதைச் சில மாதங்கள் முன்னதாக அறிய முடியுமா என்னும் வினா, அந்நாளில் ஏட்டறிஞரின் ஆர்வமாக இருக்கவில்லை. உயிர்களின் வினாவாக இருந்தது.

பிளான்போர்டு அதற்கு ஒரு விடை கண்டார். இமயமலையின் மேற்குப் பகுதியில் வேனிலின் தொடக்கத்தில் பனி மிகுந்திருந்தால் நிலம் குளிர்ந்திருக்கும். வடமேற்கிலிருந்து வறண்ட காற்று நெடுநாள் வீசும். அவ்வாண்டில் மழை குறையும் என்பது அவர் கொள்கை. இமயப் பனி, வறண்ட காற்று, இந்திய வறட்சி ஆகிய மூன்றையும் இணைத்து அவர் 1884இல் கட்டுரை வெளியிட்டார். கருதுக: தமிழர் கோடை என்று பெயரிட்ட அதே வகை வறண்ட காற்றை, வடநாட்டில் பிளான்போர்டு மழைக் கணிப்பின் நடுவே நிறுத்தினார். 1886ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் பருவமழை பற்றிய முறையான முன்னறிவிப்பு முதன்முதலாக வெளிவந்தது.

ஆனால் இயற்கை எளிதில் பிடிபடவில்லை. பிளான்போர்டுக்குப் பின் வந்த ஜான் எலியட் இன்னும் பல காரணங்களைச் சேர்த்து நீண்ட அறிக்கைகள் எழுதினார். 1899இல் நல்ல மழை பெய்யும் என்றே அவர் அறிவித்தார். அவ்வாண்டு மழை பெரிதும் பொய்த்தது. விக்கிரம ஆண்டு 1956இல் நேர்ந்தமையால் இராசத்தானத்து மக்கள் 'சப்பனியா' என்று பெயரிட்டு அஞ்சிய பஞ்சம் அதுவே.

1904இல் துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர் கணித அறிஞர். காரணத்தை ஊகிப்பதைவிட எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பதே மேல் என்று அவர் கருதினார். உலகின் பல இடங்களிலிருந்து காற்றழுத்தம், மழை, வெப்பம் ஆகியவற்றின் பழைய கணக்குகளைத் திரட்டினார். கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் இந்திய எழுத்தர் பலர் அமர்ந்து அவற்றைக் கையால் கணக்கிட்டனர். அதன் பயனாகப் பசிபிக் பெருங்கடலில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடலில் இறங்கும், அங்கே இறங்கினால் இங்கே ஏறும் என்னும் ஊசலாட்டத்தை அவர் கண்டார். 1924இல் அதற்குத் தெற்கத்திய ஊசல் என்னும் பொருள்படப் பெயரிட்டார். பெரு நாட்டு மீனவர் எல் நினோ என்று அழைக்கும் கடல் வெப்ப நிகழ்ச்சியோடு அதற்குள்ள உறவை 1969இல் பியர்க்னெஸ் என்னும் அறிஞர் விளக்கினார். தாது வருடப் பஞ்சத்தின் பின்னணியிலும் வலிமை மிக்க எல் நினோ ஒன்று இருந்தது என்பது இன்று தெளிவாகியுள்ளது. பெரு நாட்டுக் கடல் சூடேறியதற்கும், நம் நாட்டில் அடுப்பு எரியாமல் போனதற்கும் உறவு உண்டு என்று 1876இல் சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பர்?

இதுவரை கூறியவை பெரும்பாலும் தரைமட்டத்தில் எடுத்த அளவுகள். வறண்ட காற்றின் மறைபொருளோ மேலே இருந்தது. தார்ப் பாலைவனத்தில் ஒரு புதிர் உண்டு. ஆடி மாதத்தில் அங்கே தரையை ஒட்டிய காற்று வறண்டதன்று. அரபிக் கடலின் ஈரம் அங்கும் வருகிறது. ஆயினும் மழை அரிது. காரணம் என்ன? வானூர்திகளும் கருவி தாங்கிய பலூன்களும் மேலே சென்று அளந்தபொழுது விடை கிடைத்தது. ஈரக்காற்று ஆப்புப்போல மெலிந்து தரையோடு கிடக்கிறது; அதன்மேல் மேற்கிலிருந்து வந்த வெப்பமான வறண்ட காற்று மூடிபோல் கவிந்து நிற்கிறது. இவ்வமைப்பை ஜே. எஸ். சாயர் 1947இல் விளக்கினார். பானையில் நீர் இருந்தும் மூடி திறவாமையால் ஆவி வெளியேறாதது போல, காற்றில் ஈரம் இருந்தும் அது மேலெழுந்து முகிலாக வழியில்லை.

அந்த மூடிக் காற்று எங்கிருந்து வருகிறது? 1996இல் ராட்வெல், ஹாஸ்கின்ஸ் என்னும் இருவர் தந்த விளக்கம் சிந்தைக்கு இனியது. ஆசியாவின் பருவமழைப் பகுதியில் பெருமழை பெய்யும்பொழுது வெளிப்படும் வெப்பம் வானின் ஓட்டத்தை மாற்றுகிறது; அதன் விளைவாக மேற்கே தொலைவில், கிழக்குச் சகாரா போன்ற இடங்களில், காற்று தாழ இறங்கி அவற்றை மேலும் வறளச் செய்கிறது. ஓரிடத்தின் மழை மற்றோரிடத்தின் வறட்சிக்குத் துணையாகிறது. கேரளத்து மழைக்கும் ஆத்தங்குடியின் கோடைக் காற்றுக்கும் உள்ள உறவு, இங்கே கண்டங்களின் அளவில் விரிந்து நிற்பதைக் காண்கிறோம்.

1967இல் ரீட் பிரைசன், பேரீஸ் என்னும் அமெரிக்க அறிஞர்கள் வேறொரு கருத்தை முன்வைத்தனர். மேய்ச்சல் மிகுந்து புல் அழிந்ததால் எழும் புழுதி, வடமேற்கு இந்தியாவின் வானத்தை மூடி, காற்று இறங்குவதை மிகுவிக்கிறது. புல்லை வளர்த்தால் பாலையின் கடுமை குறையக்கூடும் என்றனர். இது முற்றும் நிறுவப்பட்ட முடிவன்று. ஆயினும் நிலம் தன் இயல்பு கெட்டுப் பாலையாகிறது என்னும் பழந்தமிழ்க் கருத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. ஜோத்பூரில் 1952இல் பாலைவனக் காடு வளர்ப்பு நிலையமாகத் தொடங்கி, 1959இல் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்த நிறுவனம், மணற்குன்றுகளை மரமும் புல்லும் கொண்டு நிலைப்படுத்தும் பணியைச் செய்து வருகிறது.

இத்தனை அறிவு வளர்ந்த பிறகும் வானம் நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. 1997இல் மிக வலிய எல் நினோ தோன்றியது. இந்தியாவில் மழை குறையவில்லை. 2002இல் வழக்கமான மழை பெய்யும் என்று எதிர்பார்க்கப்பட்டது; ஜூலை மாத மழை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது; பருவம் முழுவதிலும் 19 விழுக்காடு குறைவு. 2009இல் குறைவு 22 விழுக்காடு. அவ்வாண்டில் மேற்குப் பாலை நிலங்களிலிருந்து வறண்ட காற்று நடுவானில் புகுந்து, நடு இந்தியாவின் முகில்கள் வளராதபடி தடுத்ததை ஆய்வாளர் கண்டனர். 2013இல் ஏவப்பட்ட இன்சாட் 3டி செயற்கைக்கோள், வெவ்வேறு உயரங்களில் வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும் கருவியை ஏந்திச் சென்றது. புயல் கரை கடக்கும் இடத்தையும் அடுத்த சில நாட்களின் மழையையும் முன்பைவிட மிகத் தெளிவாக இன்று உரைக்க முடிகிறது. ஆறு மாதத்திற்குப் பின் ஓர் ஊரில் எவ்வளவு மழை பெய்யும் என்பதை மட்டும் அவ்வளவு உறுதியாக உரைக்க முடிவதில்லை. வறண்ட நிலத்தின் மழை தொலைவிலுள்ள கடல்களாலும் மலைகளாலும் முடிவு செய்யப்படுவதே அதற்குரிய காரணம்.

மழை எப்பொழுது வரும் என்று உறுதியாக அறிய முடியாதவன் என்ன செய்ய வேண்டும்? வரும்பொழுது பிடித்து வைக்க வேண்டும். செட்டிநாடு இவ்விடையைக் கல்லிலும் மண்ணிலும் எழுதி வைத்திருக்கிறது. நகரத்தார் கடல் கடந்து பொருளீட்டினர். பர்மாவிலிருந்து தேக்கு வந்தது. இத்தாலியிலிருந்து சலவைக்கல் வந்தது. தண்ணீரை மட்டும் எந்தக் கப்பலும் கொண்டுவரவில்லை. ஆகவே வீடு கட்டும்பொழுதே மழையையும் எண்ணிக் கட்டினர். ஓட்டுக் கூரையின் சரிவு நீரை முற்றத்துக்கு இறக்கும். முற்றத்திலிருந்து நீர் வழிந்து வெளியேறும். தெருவின் வழியே ஊருணியை அடையும். ஊருணி குடிநீருக்கு; கண்மாய் வயலுக்கு. வரத்துக்கால் கண்மாய்க்கு நீர் கொணரும். நிறைந்தபின் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குச் செல்லும். திண்ணிய சுவரும் திறந்த முற்றமும் கோடைக் காற்றின் வெம்மையைத் தணித்தன. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. மாளிகைகளை வியப்போர், அவற்றின் அருகே அமைந்த ஊருணிகளையும் சேர்த்தே வியத்தல் வேண்டும்.

2003இல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. சட்டம் இன்று செய்யச் சொல்வதை, இவ்வூர்கள் வழக்கமாகவே செய்துவந்தன. ஆயினும் வரத்துக்கால் தூர்ந்தால் கண்மாய் நிறையாது. ஊருணிக் கரையைக் காக்க ஆளில்லையெனில் நல்ல மழையும் வீணாகக் கடலுக்குச் செல்லும். அடுத்த ஆண்டின் மழையைச் சரியாகக் கணித்துச் சொன்னாலும், அதனை ஏற்கக் கலம் இல்லாதவனுக்கு அக்கணிப்பால் பயன் இல்லை.

மாணவர்கள் இங்கே செய்யக்கூடியவை இரண்டு. பள்ளியில் இரண்டு வெப்பமானிகளும் ஒரு துண்டு ஈரத்துணியும் இருந்தால் போதும். நாள்தோறும் ஒரே நேரத்தில் காற்றின் வறட்சியை அளந்து எழுதலாம். கோல்டிங்காம் செய்த பணியும் அடிப்படையில் அதுவே. ஆனியில் கோடை வீசும் நாளிலும், ஐப்பசியில் கொண்டல் வீசும் நாளிலும் எழுதிய எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். நம் முன்னோர் காற்றுக்கு இட்ட பெயர்களின் பொருள் அப்பொழுது தெளிவாக விளங்கும். மற்றொன்று, உங்கள் ஊரின் ஊருணிக்கு நீர் எவ்வழியாக வருகிறது என்பதை ஒருமுறை நடந்து சென்று கண்டறியுங்கள். வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்று அறிந்து, ஐப்பசி பிறக்குமுன் ஊராரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.